பன்னிரண்டு மணி நேரத்தில் என்ன கற்றுக்கொடுப்பது? மருத்துவ, செவிலியர் மாணவர்களுக்கான பாடத்திட்டம் – ஆலோசனை தேவை

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மருத்துவ மாணவர்களுக்கும் செவிலியர் மாணவர்களுக்கும் பாடம் எடுப்பவன் நான். மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பது பற்றிப் பன்னிரண்டு மணி நேரப் பாடம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நான் கேட்டு வாங்கவில்லை. நான் படித்த காலத்தில் இதற்கென்று ஒரு மணி நேரம்கூட யாரும் ஒதுக்கியதில்லை. முதுகுத் தண்டுவடம் எந்த இடத்தில் அறுந்தால் எந்தத் தசை செயலிழக்கும் என்று மனப்பாடம் செய்தேன். அப்படி அறுந்துபோன ஒருவர் பத்து வருடம் கழித்துக் காய்ச்சல் என்று வந்தால் அவரைப் பரிசோதனைக் கட்டிலுக்கு எப்படி மாற்றுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

என் முதல் வரைவு: குறைபாட்டு வகைகளும் அவற்றின் காரணங்களும் ஆறு மணி நேரம். சட்டமும் உரிமைகளும் இரண்டு மணி நேரம். சிறப்புப் பள்ளி ஒன்றுக்குப் போய்வர மூன்று மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் மாணவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வளாகத்தைச் சுற்றுவது. வேறொரு பாடத்தில் இந்தக் கடைசிப் பயிற்சியைச் செய்து பார்த்தபோது மாணவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. சிலர் அழுதுவிட்டார்கள்.

குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

சக்கரத்தடம்

தயங்காமல் சொல்கிறேன். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை முதலில் வெட்டுங்கள்.

கழுத்தெலும்பு முறிந்து பதினோரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். உங்கள் மாணவர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் மணி நேரத்தில் என்ன தெரிந்துகொள்வார்? கை வலிக்கும். வாசற்படியில் முட்டுவார். பயப்படுவார். எழுந்ததும் “நல்லவேளை, நமக்கு இப்படி இல்லை” என்று மூச்சு விடுவார். அந்த அழுகை எனக்காக வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் தன்னை நினைத்து அழுதிருக்கிறார், ஐயா. என்னுடைய பதினோராவது வருடம் அந்த முதல் மணி நேரத்தைப் போல இருப்பதில்லை. நான் வேலைக்குப் போகிறேன், எரிச்சல்படுகிறேன், தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறேன்.

புள்ளிவிவரப்பித்தன்

சக்கரத்தடம் சொல்வதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. சில்வர்மன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனித்து வாழவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். இரக்கம் கூடியிருக்கலாம், மதிப்போ இறங்கிவிட்டது.

இது மருத்துவருக்கு ஏன் முக்கியம் என்றால், 1999இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் இருவரும் எழுதிய கட்டுரையில், கணிசமான குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் (54 சதவீதம்) தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றே சொன்னார்கள். மருத்துவர்கள் பக்கம் வாருங்கள். அமெரிக்காவில் 714 மருத்துவர்களிடம் கேட்டு, லிசா ஐசோனி குழு 2021இல் வெளியிட்டது: கடும் குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிட மோசம் என்றவர்கள் 82.4 சதவீதம். அவர்களுக்கு மற்றவர்களுக்கு இணையான சிகிச்சை தர முடியும் என்று மிக உறுதியாக நம்பியவர்கள் 40.7 சதவீதம் மட்டுமே.

நோயாளியின் வாழ்க்கை ஏற்கெனவே பாழ் என்று நினைப்பவர் கையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் படுக்கையை ஒதுக்கும் அதிகாரம் இருக்கிறது. பாடத்திட்டம் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

கரும்பலகை

ஏற்கிறேன், வருத்தத்தோடு. மாணவர்களின் கருத்துப் படிவங்களில் அந்தப் பயிற்சிக்குத்தான் அதிக மதிப்பெண் கிடைத்தது. பிடித்திருந்தது என்பதைப் பயன்பட்டது என்று எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அதற்குப் பதிலாக என்ன வைக்கலாம்?

சக்கரத்தடம்

எங்கள் உடம்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை வையுங்கள். ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

தலை வெடிப்பதுபோல் வலி. கழுத்துக்கு மேல் மட்டும் வியர்வை கொட்டுகிறது, முகம் சிவந்து எரிகிறது. எனக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்: ஆட்டோநாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. தண்டுவடம் மார்புப் பகுதியின் ஆறாவது கணுவுக்கு மேலே அடிபட்டவர்களுக்கு வரும். அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது, பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், இல்லையென்றால் மலம் கட்டியிருக்கும். நமக்கு உணர்வு இருக்காது, ஆனால் உடம்பு பதறி இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். கவனிக்காவிட்டால் வலிப்பு வரலாம், மூளையில் இரத்தம் கசியலாம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 145 காட்டியது. இளம் மருத்துவர் “இது ஒன்றும் பெரிதில்லை” என்றார். என்னுடைய வழக்கமான அழுத்தம் 95. எங்களில் பலருக்கு 90க்கும் 110க்கும் இடையில்தான் இருக்கும். வழக்கத்தைவிட 20, 40 ஏறினாலே ஆபத்து என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தலைவலி மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். படுக்கையில் மல்லாக்கப் படுக்கவும் வைத்துவிட்டார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இடுப்பில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்த வேண்டும், சிறுநீர்க் குழாயைப் பார்க்க வேண்டும். ஒரு செவிலியர் வந்து என் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்த குழாயை நேராக்கினார். சில நிமிடங்களில் பை நிறைந்தது, வலி இறங்கியது.

அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் பேச்சைக் கேட்கலாம் என்றும் யாரும் சொல்லித்தரவில்லை.

இரவுப்பணி

அவசர சிகிச்சைப் பிரிவில் பதினைந்து வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். உங்களுக்கு நடந்தது வருத்தம்தான், ஆனால் எங்கள் பக்கமும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஓர் இரவில் வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், ஒவ்வொருவரிடமும் நிதானமாக உட்கார்ந்து “உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்க நேரம் எங்கே? கல்லூரியில் நன்றாகக் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகள் ஆறு மாதத்தில் வார்டின் வேகத்துக்கு மாறிவிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்தால் அதை மாற்ற முடியுமா?

சக்கரத்தடம்

அம்மா, அந்தக் குழாயை நேராக்கியவரும் ஒரு செவிலியர்தான். அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. “உங்கள் வழக்கமான அழுத்தம் எவ்வளவு? இது நடந்தால் சாதாரணமாக என்ன செய்வீர்கள்?” இரண்டு கேள்விகள். கேட்காததால் அன்றைக்கு ஒரு மணி நேரம் வீணானது, உங்கள் துறையின் நேரமும்தான்.

இமையோரம்

என் மகனுக்கு இருபத்து நான்கு வயது. ஆட்டிசம், பேச்சு வராது. போன வருடம் திடீரென்று தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். மூன்று இடங்களுக்கு அழைத்துப் போனேன். “இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்” என்று ஓரிடம், தூக்க மருந்தின் அளவைக் கூட்டியது இன்னோரிடம், என்னைக் கவலைப்படாமல் இருக்கச் சொன்னது மூன்றாமிடம். நான்காவதாகப் பார்த்த பெண் மருத்துவர் அவனைத் தொடவே இல்லை, முதலில். தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எப்போதும் இடது பக்கம்தான் மோதுகிறானா?” என்று கேட்டார். ஆமாம், இடது பக்கம்தான். நான் பெற்றவள், எனக்கே அது தோன்றவில்லை. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது.

ஐந்து வாரம் அவன் பல் வலியோடு இருந்திருக்கிறான். சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறான், சுவரில்.

புள்ளிவிவரப்பித்தன்

இமையோரம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பழைய குறைபாட்டின் நிழலில் புதிய நோய் மறைந்துபோகும் இந்தத் தவறுக்கு 1982இலேயே மனநல ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்து நாற்பது வருடம் தாண்டியும் தவறு அப்படியே நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகில் 130 கோடிப் பேருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, குறிப்பிடத்தக்க குறைபாடு இருக்கிறது. அவர்களில் சிலர் மற்றவர்களைவிட இருபது வருடம் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள். குறைபாடே கொல்கிறது என்று நினைக்க வேண்டாம். தவிர்க்கக்கூடிய காரணங்கள் அதில் ஏராளம். மலச்சிக்கல்கூட, கவனிக்காமல் விட்டால், அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரின் உயிரைப் பறித்துவிடும்.

கரும்பலகை ஐயா, உங்கள் ஆறு மணி நேர “வகைகளும் காரணங்களும்” பகுதியில் இதற்கு இடம் உண்டா?

கரும்பலகை

இல்லை. பட்டியல்தான் இருக்கிறது. நரம்பியல் பாடத்தில் ஏற்கெனவே படித்ததை இன்னொரு முறை ஒப்பிப்பது போலத்தான் இருக்கிறது, இப்போது பார்த்தால்.

அகராதி

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். தலைப்பில் “மாற்றுத்திறனாளி” என்பதா, “ஊனமுற்றவர்” என்பதா, “குறைபாடு உள்ளவர்” என்பதா? மாணவர்களுக்கு எந்தச் சொல்லைச் சொல்லித்தரப் போகிறீர்கள்?

சக்கரத்தடம்

என்னை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். “பெட் நம்பர் நாலு” என்று மட்டும் கூப்பிடாதீர்கள்.

விரல்மொழி

எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சைகைமொழிதான் என் மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாவது.

மருத்துவர்கள் பலர் “உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வீர்கள்தானே?” என்று கேட்கிறார்கள். கண்ணாடி முன் நின்று, குரல் இல்லாமல் “மருந்து” என்று சொல்லுங்கள். பிறகு “பருந்து” என்று சொல்லுங்கள். உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். ப, ம இரண்டுக்கும் உதட்டில் வேறுபாடு கிடையாது. க, ங எல்லாம் தொண்டைக்குப் பக்கத்தில் பிறப்பவை, பார்க்கவே முடியாது. முகக்கவசம் போட்டால் எல்லாம் முடிந்தது.

மாணவர்களுக்கு இதைக் கண்ணாடி வைத்துக் காட்டுங்கள். இது என் வாழ்க்கையை நடித்துப் பார்ப்பது ஆகாது. ஒலியைப் பற்றிய பாடம், ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று. சைகைமொழிபெயர்ப்பாளர் வந்தால் அவரைப் பார்த்து “அவருக்கு எத்தனை நாளாக வலி என்று கேளுங்கள்” என்று சொல்லாதீர்கள். என்னைப் பார்த்து “உங்களுக்கு எத்தனை நாளாக வலி?” என்று கேளுங்கள். என் பத்து வயது மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஒருமுறை என் கர்ப்பப்பைப் பிரச்சினையை அவள் வாயால் எனக்குச் சொல்ல வைத்தார்கள்.

வெண்கோல்

இந்த இழையில் எல்லோரும் ஒன்றை எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள்: மாணவர்கள் எல்லோரும் குறைபாடு இல்லாதவர்கள், நோயாளிகள்தான் குறைபாடு உள்ளவர்கள்.

நான் பார்வையற்றவன். பிசியோதெரபிஸ்ட். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் “நோயாளி சேர்க்கை அந்தப் பக்கம்” என்று வழிகாட்டினார்கள். இன்றும் புதிய நோயாளிகள் என் உதவியாளரை டாக்டர் என்று நினைத்து அவரிடம் பேசுகிறார்கள். என் விரல் அவர்கள் தோள்பட்டையில் முடிச்சைக் கண்டுபிடிக்கும்வரைதான் அந்தக் குழப்பம்.

உங்கள் வகுப்பிலும் ஓரிருவர் இருப்பார்கள், ஐயா. ஒரு காதில் கேட்காதவர், வலிப்பு நோயை மறைத்து வைத்திருப்பவர். “அவர்களை எப்படி நடத்த வேண்டும்” என்று பாடம் எடுக்கும்போது அந்த மாணவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

சிறு செய்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவரைத் தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். ஊசி போடுவதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அறையைவிட்டுப் போகும்போதும் சொல்ல வேண்டும். வெற்று நாற்காலியிடம் என் அறிகுறிகளை விவரித்த அனுபவம் எனக்கு உண்டு.

இரவுப்பணி

முன்பு நான் எழுதியது கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கலாம். குழாய் விஷயம் உறைத்தது. எங்கள் பிரிவில் நேற்று இரண்டு பேரிடம் “வழக்கமாக எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டேன்.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்களிடம் நோயாளியைத் தூக்கும் கருவி கிடையாது. பரிசோதனைக் கட்டிலின் உயரம் ஏறாது, இறங்காது. சக்கர நாற்காலியோடு சேர்த்து எடைபார்க்கும் மேடை கிடையாது, அதனால் எடையைக் குத்துமதிப்பாக எழுதுகிறோம், மருந்தின் அளவையும் அந்தக் குத்துமதிப்பை வைத்தே கணக்கிடுகிறோம். நான்கு பேராகத் தூக்கித் தூக்கி என் இடுப்புத் தட்டு விலகிவிட்டது. இப்படி இருக்கும்போது “கனிவாக நடந்துகொள்ளுங்கள்” என்று மாணவர்களுக்கு மட்டும் பாடம் எடுத்தால், கருவி வாங்காத நிர்வாகத்தின் பழியையும் அந்தப் பிள்ளைகள் சுமப்பார்கள். நிர்வாகிகளுக்கு யார் வகுப்பு எடுப்பது?

புள்ளிவிவரப்பித்தன்

நியாயம். ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25ஆவது பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் அதே தரத்தில் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதையும் அதே பிரிவு அரசுகளின் கடமையாக்குகிறது. ஆனால் கட்டில் ஏறி இறங்காத இடத்தில் தரம் எப்படி ஒன்றாக இருக்கும்? மாணவர்களிடம் ஒரு துறையைக் கொடுத்து அளக்கச் சொல்லலாம்: கதவின் அகலம், கட்டிலின் உயரம், எடை மேடை உண்டா, அறிவிப்புகள் ஒலியில் மட்டும் வருகின்றனவா. அந்த அறிக்கையை மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கே அனுப்பட்டும்.

கரும்பலகை

மூன்று நாள் யோசித்துத் திருத்தியிருக்கிறேன். வகைகளும் காரணங்களும் ஒரு மணி நேரம்தான், அதுவும் உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வகைப்பாட்டை ஒட்டி: உடம்பில் என்ன என்பதோடு நிற்காமல், அதனால் எதைச் செய்ய முடிகிறது, சுற்றுப்புறம் எங்கே தடுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது. நோயை மறைக்கும் நிழல் பற்றி இரண்டு மணி நேரம். இமையோரம் அம்மா ஒப்புக்கொண்டால் அவர் மகன் கதையோடு தொடங்குவேன், பெயர் இல்லாமல். நோயாளியை இடம் மாற்றுவது, படுக்கைப்புண் தடுப்பது, டிஸ்ரிஃப்ளெக்சியா எல்லாம் செய்முறையாக மூன்று மணி நேரம். தகவல்தொடர்பு மூன்று மணி நேரம், அளவெடுப்பு ஒரு மணி நேரம். சிறப்புப் பள்ளிக்குப் போவதை நீக்கிவிட்டேன். வேடிக்கை பார்க்கப் போவது போல எனக்கே பட்டது. கடைசி இரண்டு மணி நேரம் தேர்வு.

செய்முறை, தகவல்தொடர்பு வகுப்புகளை உங்களில் சிலர் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். விருந்தினராக வந்து அனுபவத்தைப் பகிர்ந்துவிட்டுப் போவதற்கு அழைக்கவில்லை. ஆசிரியராக, மற்ற ஆசிரியர்களுக்குத் தரும் அதே ஊதியத்தோடு.

சக்கரத்தடம்

வருகிறேன். வகுப்பறை எந்தத் தளத்தில்?

கரும்பலகை

இரண்டாம் தளம். லிஃப்ட் இருக்கிறது... கழிப்பறைக் கதவை இப்போதுதான் போய் அளந்தேன். 60 செ.மீ.

சக்கரத்தடம்

என் நாற்காலி 66. அளவெடுப்பு வகுப்பை நீங்களே தொடங்கிவிட்டீர்கள், ஐயா.

கரும்பலகை

தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டேன். சண்டை போட்டுத்தான்.

மெதுபேச்சு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு மூளை முடக்குவாதம். பேச்சு குழறும், கேட்பவர்களுக்குப் புரிய நேரம் ஆகும். முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறேன் என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறார்கள்.

தேர்வைப் பற்றி ஒரு யோசனை. மேடை மேடையாக நகர்ந்து செய்யும் ஆஸ்கி (OSCE) செய்முறைத் தேர்வில் ஒரு மேடையில் என்னை நோயாளியாக உட்கார வையுங்கள். வயிற்று வலி என்று வருகிறேன். பக்கத்தில் என் அக்கா என்று ஒருவர் இருக்கட்டும். மாணவர் யாரிடம் கேட்கிறார் என்று பாருங்கள். மதிப்பெண்ணில் பாதியை நான் போடுகிறேன்.

கரும்பலகை

தேர்வுக் குழுவில் இதற்கு எதிர்ப்பு வரும். ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன்.

கரும்பலகை (நான்கு மாதம் கழித்து)

இழையை மேலே கொண்டுவருகிறேன். பாடம் முடிந்தது.

சக்கரத்தடத்தின் வகுப்பு நன்றாக நடந்தது. கழுத்துக்கு மேல் வியர்க்கும் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்க ஒரு மாணவர் போனபோது சக்கரத்தடம் போட்ட சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்டதாம். விரல்மொழியின் கண்ணாடிப் பயிற்சிக்குப் பிறகு மாணவர்கள் மருந்தகத்தையே “பருந்தகம்” என்று அழைக்கிறார்கள். அளவெடுப்பு அறிக்கையைக் கண்காணிப்பாளருக்கு அனுப்பினோம். “பெறப்பட்டது” என்று பதில் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. இரவுப்பணி அம்மா சிரிப்பார்.

தேர்வுதான் சிக்கல். மெதுபேச்சின் மேடையில் இருபத்து நான்கு பேரில் ஒன்பது பேர் தோல்வி. ஒன்பது பேரும் இரண்டாவது கேள்விக்குள் அக்காவிடம் திரும்பிவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள். “சரியாகக் கண்டுபிடித்தும் தோல்வியா?” என்று பெற்றோர் வந்து கேட்டார்கள். மறுதேர்வு என்று முடிவாகியிருக்கிறது. தோல்வி என்றே பதிவாக வேண்டும் என்று நான் வாதாடினேன், குழுவில் தோற்றுவிட்டேன்.

மூன்றாமாண்டு

வணக்கம். இந்த இழையைப் பற்றி வகுப்பில் சொன்னார்கள். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன்.

நான் வேண்டுமென்றே அக்காவிடம் திரும்பவில்லை. மெதுபேச்சு அம்மா சொன்னது புரியவில்லை. இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் மறுதேர்வு. மூன்றாவது முறையும் புரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? உண்மையாகவே கேட்கிறேன்.

மெதுபேச்சு

கேட்டதற்கு நன்றி, தம்பி. புரிந்த சொல்லை மட்டும் திருப்பிச் சொல். “வயிறு என்றீர்கள், அதற்குப் பிறகு புரியவில்லை” என்று சொன்னால் நான் அந்த மிச்சத்தை மட்டும் வேறு சொல்லில் சொல்வேன். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாக மாற்றிக் கேள். புரிந்ததுபோல் தலையாட்டாதே. தலையாட்டுபவர்களை எனக்கு உடனே தெரிந்துவிடும். அதற்கும் மேல் முடியவில்லை என்றால் எழுத்துப் பலகையைக் கேள். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டுவேன், மெதுவாகத்தான் வரும், ஆனால் பிழை வராது.

மூன்றாமாண்டு

எழுத்துப் பலகை அன்றைக்கும் கொண்டுவந்திருந்தீர்களா, அம்மா? பைக்குள் இருந்ததா?

மெதுபேச்சு

மடியில் இருந்தது.